என்ஜின் ஏன் ஸ்பீக்கர்ல பாடுது? கார் ஆடியோவின் இரைச்சல் வரலாறு

வீட்டிலேயே கார் ஸ்டீரியோ மாற்றுபவர்கள்கிட்ட இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "புது ஸ்டீரியோ, புது ஆம்ப்ளிஃபயர், எல்லாம் நானே மாட்டினேன். பாட்டு சூப்பரா கேக்குது. ஆனா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா கூடவே 'ஊய்ய்ய்'னு ஒரு சத்தமும் ஏறுது. ஆம்ப் அவுட்டா?"

பெரும்பாலும் ஆம்ப் நல்லாத்தான் இருக்கும். நீங்க கேக்குறது, காருக்கும் ரேடியோவுக்கும் 1930லயே ஆரம்பிச்ச சண்டையோட மிச்சம். இன்னைக்கு அந்தச் சண்டையைப் பத்திதான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு விஷயம். 1880களின் கடைசியில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை எப்படி உண்டாக்கினார் தெரியுமா? ஒரு சின்ன இடைவெளியில் மின்பொறியைத் தாவவிட்டார். மார்க்கோனியின் ஆரம்பகால டிரான்ஸ்மிட்டர்களும் அதே டெக்னிக்தான். இப்போ ஸ்பார்க் பிளக்கை நினைச்சுப் பாருங்க. அதுவும் இடைவெளியில் தாவும் பொறிதானே? நாலு சிலிண்டர் என்ஜின் 2000 ஆர்பிஎம்ல ஓடினா நிமிஷத்துக்கு 4000 பொறி. அதாவது ஒவ்வொரு பெட்ரோல் காரும் நகரும் ஒரு டிரான்ஸ்மிட்டர். அதுக்குப் பக்கத்துலயே ரிசீவரை வெச்சு, தூரத்து ஸ்டேஷனைக் கேக்கணும்னா எப்படி?

சிகாகோவில் பால் கால்வின் என்ற ஆளுக்கு இதைத் தீர்த்தே ஆகணும் என்ற நிலைமை. 1928ல் தம்பி ஜோசப்புடன் கம்பெனி ஆரம்பித்தார். தயாரித்தது 'பேட்டரி எலிமினேட்டர்': பேட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோவைக் கரண்டில் ஓட்ட உதவும் பெட்டி. கொஞ்ச நாளிலேயே நேரடியாகக் கரண்டில் ஓடும் ரேடியோக்கள் வந்துவிட்டன. பெட்டியை யார் வாங்குவார்? மேலே 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி வேறு. காருக்குள் ரேடியோ என்பது அவருக்கு ஆசை இல்லை, கம்பெனி பிழைக்க வழி.

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. கால்வினுக்கு உள்ளே ஸ்டால் இல்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி, ஓட்டிக்கொண்டு போய் வெளியே நிறுத்தி, வால்யூமை ஏற்றி வைத்தார். ஆர்டர் வந்தது. அந்த மாடல் 5டி71. மோட்டாரையும் விக்ட்ரோலாவையும் சேர்த்து அதுக்கு அவர் வெச்ச பேர் மோட்டரோலா. ஆமா, அதே மோட்டரோலாதான்! கம்பெனியே அந்தப் பேருக்கு மாறியது 1947ல். ரேடியோ விலை 110 முதல் 130 டாலர். அப்போ புது ஃபோர்டு மாடல் ஏ காரே சுமார் 500 டாலர்தான்.

வாங்கினா மட்டும் போதாது, மாட்டணும். அதுக்கு நாள் கணக்கில் ஆகும். டாஷ்போர்டை வெட்டி, கூரைத் துணியைப் பிரித்து ஆன்டெனா கம்பியை ஓட்டி, கால் வைக்கும் பலகைக்கு அடியில் தனி பேட்டரி வைக்கணும். வால்வுகளுக்கு 100 வோல்ட்டுக்கு மேல் தேவை, கார் பேட்டரி கொடுத்ததோ 6 வோல்ட். அப்புறம்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு பிளக் வயரிலும் ஒரு ரெசிஸ்டர், டைனமோவில் ஒரு கெபாசிட்டர், பானெட்டையும் சேசிஸையும் இணைக்க உலோகப் பட்டை. ஒண்ணைப் போடு, கேள், சத்தம் குறைஞ்சதா? இல்லைன்னா அடுத்தது. நாங்க கோடுல பக் தேடுற அதே பொறுமை.

அந்த ஆரம்பக் காலத்தில் கால்வினுடன் வேலை செய்த இரண்டு பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒருத்தர் பில் லியர். பின்னாடி 8 டிராக் டேப்பையும் லியர்ஜெட் விமானத்தையும் கொண்டுவந்தவர். இன்னொருத்தர் எல்மர் வேவரிங். இவர்கிட்ட சீக்கிரம் திரும்பி வருவோம்.

தனி பேட்டரித் தொல்லையை ஒழிக்க 1930களில் வைப்ரேட்டர் வந்தது. 6 வோல்ட்டை டக்டக்கென்று வெட்டி வெட்டி விட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏற்றும் ஒரு சின்ன சுவிட்ச். அதுவே ஒரு புது இரைச்சல், அதுக்கும் ஃபில்டர் போட்டார்கள். 1950களில் டிரான்சிஸ்டர் வந்ததும் வைப்ரேட்டருக்கு வேலை போச்சு.

1960ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் கொடுத்தது. வண்டி சும்மா நின்று உறுமும்போதும் நல்லா சார்ஜ் ஆகும். அருமையான விஷயம். மோட்டரோலாவில் ஆல்டர்னேட்டரை முன்னெடுத்தவர்களில் ஒருத்தர் யார்? வேவரிங்! 1930ல் என்ஜின் சத்தத்தை விரட்டியவரே அடுத்த சத்தத்துக்கும் கதவு திறந்தார். வரலாறு சில சமயம் நல்லாவே கலாய்க்கும்.

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டர், மூணு ஃபேஸ், ஆறு டயோடு. ஒரு சுற்றுக்கு 36 மின் அலைகள் டிசியின் மேல் மிஞ்சி நிற்கும். என்ஜின் 800 ஆர்பிஎம்ல சும்மா ஓடுதுன்னு வைங்க. புல்லி விகிதம் 2.5ன்னா ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம். விநாடிக்கு 33 சுற்று, பெருக்கல் 36, கிட்டத்தட்ட 1200 ஹெர்ட்ஸ். 3000 ஆர்பிஎம்ல 4500 ஹெர்ட்ஸ். மனுஷக் காது ரொம்பக் கூர்மையாக் கேட்கும் இடத்துக்கு நேராப் போய் உட்காருது. அதான் 'ஊய்ய்ய்'.

அது ஸ்பீக்கருக்குள் எப்படி வருது? ஸ்டீரியோவுக்கு டாஷ்போர்டு பின்னால் ஒரு எர்த், ஆம்ப்புக்கு டிக்கியில் ஒரு எர்த். நடுவில் இருப்பது காரின் தகரம். அதில் கரண்ட் பாயும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துடும். இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளி உறை வழியா அந்த வித்தியாசமும் பாயும். ஆம்ப்புக்கு அது பாட்டுன்னு தோணும், பெருக்கி அனுப்பிடும்.

கண்டுபிடிக்கிற முறை 1930ல் இருந்து பெரிசா மாறலை. என்ஜினை நிறுத்தி, ரேடியோவை மட்டும் ஓடவிடுங்க. சத்தம் போச்சா? அப்போ ஆல்டர்னேட்டர் கதைதான். ஆம்ப்பில் ஆர்சிஏவைக் கழற்றுங்க. இப்பவும் சத்தம் இருந்தா ஆம்ப்போட பவர், எர்த் பக்கம் பாருங்க. போயிட்டா, ஆம்ப்புக்கு நேரா ஒரு ஃபோனைக் கொடுத்துப் பாருங்க. ஃபோனைக் கார்ல சார்ஜ் போடாதீங்க, அதுவே புது எர்த் ஆயிடும்! அதில் சுத்தமாக் கேட்டா, கோளாறு ஸ்டீரியோ பக்கம் அல்லது இரண்டு எர்த்துக்கும் நடுவில். நான் செகண்ட்ஹேண்டில் வாங்கின ஹேட்ச்பேக்கில், முன்னாடி யாரோ ஆம்ப் எர்த்தைப் பெயிண்ட் அடிச்ச சீட் போல்ட்டில் முறுக்கியிருந்தாங்க. பெயிண்டைச் சுரண்டி, பளபளன்னு தகரம் தெரிஞ்ச இடத்தில் குட்டையான, தடிமனான வயரால் இறுக்கினதும் முக்கால்வாசி சத்தம் அடங்கிச்சு. செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

நாம இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியுதுன்னா காரணம் ஒரு அளவு: 180க்கு 50 மில்லிமீட்டர். ஜெர்மானிய டிஐஎன் தரம், 1980களில் ஐஎஸ்ஓவும் ஏற்றுக்கொண்டது. யார் காரிலும் யார் ஸ்டீரியோவும் உட்காரும். ஐஎஸ்ஓ 10487 கனெக்டர் வந்தபின் வயரையும் வெட்ட வேண்டாம். ஆனாலும் ஃபோக்ஸ்வேகன் பல கார்களில் நிரந்தர 12 வோல்ட் பின்னையும் சாவி போட்டால் வரும் பின்னையும் இடம் மாற்றி வைத்தது. வண்டியை அணைச்சா ஸ்டீரியோ எல்லா ஸ்டேஷனையும் மறக்குதுன்னா, முதல்ல மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் மாற்றிப் பாருங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் இது பத்து நிமிஷ வேலை.

இப்போ அந்த வசதி கரைஞ்சுட்டு வருது. பாஷ் 1986ல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் வந்தபின், பல கார்களில் சாவி திருகினதையே ஸ்டீரியோவுக்கு வயர் சொல்றதில்லை, மெசேஜ் சொல்லுது. ஏசி, ரிவர்ஸ் கேமரா, செட்டிங்ஸ் எல்லாம் அந்த ஸ்க்ரீனுக்குள். ஸ்டீரியோவைக் கழற்றினா காரில் பாதியைக் கழற்றினது மாதிரி. எனக்கு இது பிடிக்கலை. வசதிதான், ஆனா அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைக் கம்பெனியே வெச்சுக்குது.

எலக்ட்ரிக் காரில் பழைய சண்டையே திரும்பி வந்தது. மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஸ்விட்ச் ஆகும்; அந்த இரைச்சல் ஏஎம் அலைவரிசையில் போய் விழும். அமெரிக்காவில் விற்ற பிஎம்டபிள்யூ ஐ3 காரில் ஏஎம் ரேடியோவே கொடுக்கலை. கால்வின் ஆட்கள் ரெசிஸ்டரும் கெபாசிட்டருமா அடக்கின இரைச்சலுக்கு இவங்க கண்ட தீர்வு, ரேடியோவையே எடுத்துடுறது! 2023ல் ஃபோர்டும் தன் புது கார்களில் ஏஎம்மை எடுக்கப்போவதாகச் சொன்னது. புயல், வெள்ளம்னா அவசர அறிவிப்பு ஏஎம்ல தானே வரும்னு எம்பிக்கள் எதிர்த்தாங்க. மே மாதம் ஃபோர்டு பின்வாங்கியது. ஏஎம் இல்லாமல் ஏற்கெனவே விற்ற எலக்ட்ரிக் கார்களுக்கு அது சொன்ன வழி, ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். அப்போ ரிசீவர் அத்தனை நாளும் டாஷ்போர்டுக்குள்ளயேதான் இருந்திருக்கு.