மதுரைச் சமவெளியில் மிளகாய்: கடல்கடந்து வந்த காரம்

மிளகாய், அமெரிக்கக் கண்டங்களைப் பூர்விகமாகக் கொண்ட செடி. தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, புகையிலை ஆகியவை அடங்கிய சொலனேசி தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வழியாக இந்தியக் கரையை அடைந்து, தென்னிந்தியா முழுவதும் பரவியது. மதுரை, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இன்று முக்கியமான பணப்பயிர்களுள் ஒன்று.

கேலிச்சித்திரங்களிலும் அசைவூட்டப் படங்களிலும் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. யாரோ ஒருவன் தெரியாமல் மிளகாயைக் கடித்துவிடுவான். முகம் சிவக்கும், காதில் புகை வரும், வாயில் தீ பறக்கும். இந்தக் காட்சி பாண்டியன் அரண்மனையில் நடப்பதாக வரையப்பட்டால் அது காலப்பிழை. தெனாலிராமன் கதைகளுக்குக் களமான விஜயநகரத்தில் நடந்தால் விவாதத்துக்கு இடமிருக்கிறது. கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510-இல். அரசரின் அடுக்களைக்கு மிளகாய் வந்திருக்கக்கூடும் என்று சொல்லலாம், ஆனால் அப்போது அது ஓர் அதிசயப் பொருளாகவே இருந்திருக்கும். அரண்மனைச் சமையல்காரர் அன்றாடம் தாளிக்கும் சரக்காக அல்ல.

மிளகாய்க்கு முன்

மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையல் காரமற்றதாக இருந்தது என்று எண்ண வேண்டியதில்லை. சங்க நூல்களில் 'கறி' என்ற சொல் மிளகைக் குறிக்கிறது. அகநானூற்றின் 149-ஆம் பாடல், யவனரின் கலங்கள் பொன்னுடன் முசிறிக்கு வந்து மிளகுடன் திரும்பியதைச் சொல்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களில் மிளகு மூட்டைகளும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்த ஓர் உணவு வருகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று காரப் பொருள்களின் பெயரால் அமைந்த 'திரிகடுகம்' பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. மருந்தாகவும் உணவாகவும் காரம் என்றால் எவை நினைவுக்கு வந்தன என்பதை அந்தத் தலைப்பே காட்டிவிடுகிறது.

வைகைக் கரையில் கீழடியில் வாழ்ந்த மக்கள் மிளகாயைக் கண்டதில்லை. மதுரைக்காஞ்சி விவரிக்கும் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் மிளகாய் விற்கப்படவில்லை. மிளகாய் தமிழகத்தில் பழங்காலம் முதலே இருந்தது என்று அவ்வப்போது எழும் வாதத்துக்குத் தாவரவியல் தெளிவான பதிலைத் தருகிறது. 'கேப்சிகம்' பேரினத்தின் காட்டுவகைகள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. மிளகுக்கொடிக்கோ அதன் காட்டு உறவுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கின்றன. ஒரு பயிரின் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான சாட்சி அரிது.

மெக்சிகோவிலிருந்து கோவாவுக்கு

மனிதர்கள் பயிரிட்டு வளர்த்தெடுத்த மிளகாய் இனங்கள் ஐந்து. இந்தியாவில் பெருமளவில் விளையும் 'கேப்சிகம் அன்னுவம்' மெக்சிகோவில் பயிராக்கப்பட்டது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காந்தாரி என வழங்கும் சிறு மிளகாய் 'கேப்சிகம் புரூட்டசென்ஸ்' என்ற வேறோர் இனம். ஈக்வடார் நாட்டில் அகழாய்வில் கிடைத்த பாத்திரங்களிலும் அரைகற்களிலும் ஒட்டியிருந்த மாவுத் துகள்கள், அங்கு சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மிளகாய் சமையலில் இருந்ததைக் காட்டின. ஆங்கிலத்தின் 'சில்லி' என்ற சொல் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது.

1492-இல் மேற்கு நோக்கிப் புறப்பட்ட கொலம்பஸ் தேடிய பொருள்களில் இந்தியாவின் மிளகும் ஒன்று. கரீபியத் தீவுகளில் அவர் கண்டது மிளகாயை. அத்தீவு மக்கள் 'அஹி' என்று அழைத்த அந்தக் காயை, அவர்களுடைய மிளகு என்று 1493 ஜனவரியில் தம் குறிப்பேட்டில் எழுதினார். இடம் தவறு, பொருளும் தவறு. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் மிளகுக்கும் மிளகாய்க்கும் ஒரே சொல் அல்லது ஒரே வேர்ச்சொல் வழங்குகிறது. அந்தச் சொல்லுக்கே ஒரு முற்கதை உண்டு: கிரேக்கத்தின் 'பெப்பெரி', திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிலிருந்து பிறந்தது. திப்பிலியின் பெயர் மிளகுக்குப் போய், மிளகின் பெயர் மிளகாய்க்கு வந்திருக்கிறது.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1500-இல் கப்ரால் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பற்படை வழியில் பிரேசில் கரையைத் தொட்டது. இவ்வாறு மிளகாய் விளையும் நிலமும் மிளகு விளையும் நிலமும் ஒரே நாட்டின் கப்பல் பாதையில் அமைந்தன. விதை உலர்ந்தது, சிறியது, எடையற்றது. மாலுமியின் மூட்டையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அரச ஆணையோ வணிக ஒப்பந்தமோ இன்றி அது பயணம் செய்திருக்க முடியும்.

பரவிய வேகம் வியப்பானது. 1542-இல் ஜெர்மானியத் தாவர அறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் தம் நூலில் மிளகாயைப் படத்துடன் வெளியிட்டு, அதைக் 'கோழிக்கோட்டு மிளகு' என்று குறித்தார். ஐரோப்பாவிலேயே அரை நூற்றாண்டுக்குள் அது இந்தியச் செடியாகக் கருதப்பட்டுவிட்டது. 1776-இல் இன்னோர் இனத்துக்கு 'சீன மிளகாய்' என்று பொருள்படும் 'கேப்சிகம் சைனென்ஸ்' என்ற பெயரை ஜாக்கின் என்ற தாவரவியலாளர் சூட்டினார். அதுவும் அமெரிக்கச் செடிதான்.

தென்னிந்தியாவில் மிளகாயைப் பற்றிய தொடக்கக் குறிப்பாக, 1564-இல் மறைந்த புரந்தரதாசரின் பெயரில் வழங்கும் ஒரு கன்னடப் பாடலை உணவு வரலாற்றாசிரியர்கள் சுட்டுவர். ஆனால் வடக்கே, 1590-களில் எழுதப்பட்ட அயினி அக்பரி பட்டியலிடும் அக்பரின் சமையற்கூட உணவுகளில் காரத்துக்கு மிளகே இடம்பெறுகிறது. மேற்குக் கரைக்கு வந்த செடி உள்நாட்டுச் சமையல் முழுவதையும் பிடிக்கத் தலைமுறைகள் ஆயின.

மதுரைச் சீமைக்கு அது வர இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று, மலையாளக் கரையிலிருந்து செங்கோட்டை, கம்பம் கணவாய்கள் வழியே பொதிமாடுகள் வந்த பாதை. மற்றொன்று முத்துக்குளித்துறை. 1530-களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியது முதல் 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை அக்கரை போர்த்துக்கீசியர் செல்வாக்கில் இருந்தது. அதே காலத்தில் மதுரையை நாயக்கர்கள் ஆண்டனர். ஆகவே மிளகாய் மதுரை மண்ணில் வேரூன்றியதை நாயக்கர் காலத்து மாற்றமாகக் கொள்வது பொருத்தம். 1826-இல் அச்சான ஒயிட்லா ஐன்ஸ்லியின் 'மெட்டீரியா இண்டிகா' மிளகாயைத் தமிழ்ப் பெயருடன் பதிவு செய்யும்போது அது ஊரறிந்த சரக்காகிவிட்டது.

பெயர்

மிளகு போல் காரமான காய், எனவே மிளகாய். தெலுங்கின் மிரபகாய, கன்னடத்தின் மெணசினகாயி ஆகியவையும் இதே முறையில் பிறந்தவை. மலையாளத்தில் கதை வேறு திசையில் போனது. அங்கே 'முளகு' என்ற பழஞ்சொல்லை வந்த பொருள் பறித்துக்கொண்டது. சொந்த மண்ணின் மிளகு 'குருமுளகு', 'நல்லமுளகு' என்று அடைமொழி தேடிக்கொண்டது. சிங்களத்திலும் அப்படியே: மிளகாய் 'மிரிஸ்', மிளகு 'கம்மிரிஸ்'. மலையாளத்தில் மிளகாய்க்கு இருந்த 'கப்பல்முளகு' என்ற பெயர் அது வந்த வழியையே சொல்லிவிடுகிறது. தமிழ் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட 'மல்லிகடானி' என்ற சூப்பின் பெயர்கூட மிளகுத்தண்ணீரின் திரிபே அன்றி மிளகாயுடன் தொடர்பற்றது.

சமவெளி ஏன் ஏற்றுக்கொண்டது

மிளகுக்கொடிக்கு நிழல் வேண்டும், படர மரம் வேண்டும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவில் மழை வேண்டும். நட்டு மூன்று ஆண்டுகள் கழித்தே காய்க்கும். மதுரைச் சமவெளியில் பெய்யும் மழை அதில் பாதிக்கும் குறைவு. எனவே இங்குள்ள உழவருக்கு மிளகு எப்போதும் மலையிலிருந்து விலைகொடுத்து வாங்கும் பொருளாகவே இருந்தது. கடல்வணிகத்தில் பொன்னுக்கு மாறிய சரக்கு அது. ஏழை வீட்டுக் கஞ்சிக்குத் தாராளமாகக் கிடைத்திருக்க வழியில்லை.

மிளகாய்ச் செடியோ கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவிய நீரில் வளரும். மூன்று மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பழுத்ததை வெயிலில் போட்டால் ஓராண்டுக்கு வத்தல். அடுத்த விதைப்புக்கான விதையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. அவை பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் எச்சமிடும். விதையை மென்று அழிக்கும் பாலூட்டிகளுக்குத்தான் காரம் எரிகிறது. மிளகாய் இந்தியாவில் பெற்ற வெற்றியைச் சுவை மாற்றமாக மட்டும் பார்ப்பது போதாது. காசில்லாதவர் கைக்குக் காரம் முதன்முறையாக எட்டியது என்பதே அதன் சமூகப் பொருள். கஞ்சிக்கு ஒரு பச்சை மிளகாயும் வெங்காயமும் என்ற உழவர் உணவு மிளகுக் காலத்தில் சாத்தியமாகியிராது.

மடைப்பள்ளியின் நினைவு

மதுரைக்கு வடக்கே அழகர்கோயிலில் கள்ளழகருக்குப் படைக்கப்படும் தோசை பெயர்பெற்றது. அரிசி, தோலுடன் கூடிய உளுந்து, மிளகு, சுக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கனமாக வார்த்து நெய்யில் வேகவைக்கப்படும் அதில் மிளகாய் கிடையாது. காஞ்சிபுரம் கோயில் இட்டலியும் மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்ததே. பல குடும்பங்களில் திவசச் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் விலக்கப்பட்டு, மிளகும் நாட்டுக்காய்களும் மட்டும் பயன்படுகின்றன. சடங்குச் சமையல் எளிதில் மாறாது. ஆகவே 500 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்பங்கரை அங்கே ஓரளவு எஞ்சியிருக்கிறது. இதைப் பொதுவிதியாக்கிவிடவும் கூடாது. இன்று பல கோயில்களின் புளியோதரையில் காய்ந்த மிளகாய் சாதாரணமாகச் சேர்கிறது.

முண்டும் சம்பாவும்

மதுரைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் விளையும் மிளகாயில் இரண்டு வகைகள் சந்தையில் பெயர்பெற்றவை. நீண்டு மெலிந்தது சம்பா. உருண்டையாக, தடித்த தோலுடன் இருப்பது முண்டு; குண்டு மிளகாய் என்றும் வழங்கும். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி, சாயல்குடி வட்டாரங்களில் இது மானாவாரிப் பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. மல்லியும் பருத்தியும் உடன் விதைக்கப்படுவதுண்டு. தை, மாசி தொடங்கிக் கோடைவரை பழம் பறித்துக் களத்தில் காயவைப்பர். கண்மாயில் நீர் நின்றால் உயிர்த்தண்ணீர் கிடைக்கும், இல்லாவிட்டால் செடி வாடும். பறிக்கும் பருவத்தில் கோடைமழை பெய்தால் களத்தில் கிடக்கும் பழம் கறுத்து விலை சரியும். மழை வந்தாலும் நட்டம், வராவிட்டாலும் நட்டம் என்ற நிலை இப்பயிரோடு பிறந்தது.

விளைந்த வத்தல் விருதுநகர்ச் சந்தைக்கும் மதுரை கீழமாசி வீதியின் மளிகை மண்டிகளுக்கும் செல்கிறது. விருதுநகரின் எண்ணெய், பருப்பு, வத்தல் விலை நிலவரம் தமிழகம் முழுவதும் கவனிக்கப்படுவது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசல் நிலத்துக்கேற்ப கே-1, கே-2 ஆகிய மிளகாய் ரகங்களை வெளியிட்டது. இவற்றுக்குப் போட்டி ஆந்திரத்தின் குண்டூரிலிருந்து வருகிறது. பாசன வசதியுடன் ஏக்கருக்குப் பல மடங்கு விளையும் நீள வத்தலுடன் மானாவாரி முண்டு விலையில் போட்டியிட இயலாது. அது தாக்குப்பிடிப்பது வேறு காரணத்தால்: தடித்த தோல், சாம்பாருக்குத் தாளிக்கும்போது எழும் மணம், மோர் மிளகாய்க்கு ஏற்ற வடிவம்.

2023 பிப்ரவரியில் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதே சமயம் குறியீடு பெற்ற மற்றொரு தமிழகக் காய், அதே சொலனேசி குடும்பத்தின் வேலூர் முள்ளு கத்தரி.