தெருநாய்த் தத்தெடுப்பு: தமிழ்நாட்டு வரலாறு

தெருநாய்த் தத்தெடுப்பு முகாம் என்பது, காப்பகத்தில் வளரும் குட்டிகளுக்கும் நாய்களுக்கும் வீடு தேடித் தர விலங்கு நல அமைப்புகளின் தன்னார்வலர்கள் நடத்தும் நிகழ்வாகும். இத்தகைய முகாம் நடைபெறுவதற்கு முன், தெருநாயைப் பிடித்துக் கொல்வது நகராட்சியின் கடமை என்றிருந்த நிலை மாறவேண்டியிருந்தது. அந்த மாற்றத்தின் முக்கியமான பகுதி சென்னையில் நிகழ்ந்தது.

பின்னணி

பிரித்தானிய ஆட்சியில் வெறிநாய்க்கடி அச்சத்தால் நகரங்களில் நாய்கள் கொல்லப்பட்டன. 1832ஆம் ஆண்டு பம்பாயில் இதை எதிர்த்துப் பார்சி மக்கள் கடைகளை அடைத்துக் கலகத்தில் இறங்கினர். 1860ஆம் ஆண்டு லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி கைவிடப்பட்ட நாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பின்னாளில் அது பாட்டர்சீ நாய்கள் இல்லம் எனப் புகழ்பெற்றது. அதே 1860இல்தான் சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லும் திட்டத்தைத் தொடங்கியது என்று புளூ கிராஸ் அமைப்பு குறிப்பிடுகிறது.

புளூ கிராஸின் தோற்றம்

1959ஆம் ஆண்டு, விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் சென்னையில் இந்தியப் புளூ கிராஸைத் தொடங்கினர். மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்ததே இதன் தொடக்கம். தியாகராய நகரில் இருந்த அவர்கள் வீடே முதல் காப்பகமாயிற்று. உஷா சுந்தரம் இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளில் ஒருவர்.

இவர்களின் மகன் சின்னி கிருஷ்ணா, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964 முதல் வலியுறுத்தினார். கொன்றதால் நாய்கள் குறையவில்லை என்பது அவருடைய வாதம். தெருவில் உணவுக்கழிவு இருக்கும்வரை, ஒரு நாய் அகன்ற இடத்துக்கு வேறொரு நாய் வரும். கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய் தன் தெருவிலேயே இருந்தால் புதிய நாய்களும் வராது, நோயும் பரவாது.

சட்டம்

விலங்கு நலச் சட்டத்துக்கு வித்திட்டவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் அமைத்து, காஞ்சிப் பட்டின் பழைய வடிவங்களுக்கும் நிறங்களுக்கும் மறுவாழ்வு தந்தவரும் இவரே. மாநிலங்களவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் தொடர்ந்து, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

ஆயினும் தெருநாய்களைக் கொல்வதற்கு அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு விலக்கு அளித்தது. எனவே சட்டம் வந்த பின்னும் கொலை தொடர்ந்தது. 1990களின் நடுவில் சென்னையில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாகச் சின்னி கிருஷ்ணா எழுதியுள்ளார். 1996இல்தான் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்தை நகர் முழுவதும் ஏற்றது. கோரிக்கை எழுந்து அதற்குள் 32 ஆண்டுகள் கடந்திருந்தன. 2001இல் மத்திய அரசின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இம்முறையை நாடு முழுவதற்கும் உரியதாக்கின. 2023இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம் உட்பட எல்லா உள்ளாட்சிகளுக்கும் இவை பொருந்தும்.

தன்னார்வலரின் பணி

கருத்தடைக்குப் பின் நாய் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடப்படுகிறது. தாயை இழந்த குட்டியையும் விபத்தில் ஊனமுற்ற நாயையும் அப்படி விடமுடியாது. இவற்றுக்காகவே தத்தெடுப்பு முகாம்கள் தேவைப்படுகின்றன.

முகாமில் தன்னார்வலரின் முதல் வேலை கேள்வி கேட்பது. வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா, வெளியூர் சென்றால் யார் பார்த்துக்கொள்வார் என்று விசாரிக்கவேண்டும். காஞ்சிபுரம் போன்ற நெசவூரில், தறி உள்ள வீட்டில் பட்டு நூலைக் கடிக்காமல் குட்டியை எங்கே வைப்பார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சரியில்லையெனில் குட்டியைத் தர மறுக்கவும் வேண்டும். சில நாளில் அலுத்துப்போய்த் தெருவில் விடப்படும் குட்டிக்குத் தெரு வாழ்க்கை தெரியாது. அது பிழைப்பது அரிது.

குடற்புழு நீக்கம், தடுப்பூசி, மூன்று மாதமானதும் வெறிநாய்த் தடுப்பூசி, உரிய வயதில் கருத்தடை ஆகியவை தத்தெடுப்பவர் ஏற்கும் பொறுப்புகள். பெண்குட்டியை வாங்கப் பலர் தயங்குவர். கருத்தடை செய்தால் அத்தயக்கத்துக்குக் காரணமில்லை.

இன்றைய நிலை

2025 ஆகஸ்ட் 22 அன்று, தில்லித் தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தத்தெடுப்பையும் குறிப்பிட்டது. விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது.

மனிதருக்கு வரும் வெறிநாய் நோயில் 99 விழுக்காடு வரை நாய்களால் பரவுவது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப்பரவல் தடைப்படும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்ட உள்ளாட்சியின் தொடர்ந்த பணி வேண்டும். தத்தெடுப்பு அதற்கு மாற்றாகாது. தெருவில் பிழைக்கமுடியாத ஓர் உயிருக்கு அது வீடு தருகிறது.