மென்பொருள் அறிமுக ஆவணம்

மென்பொருள் அறிமுக ஆவணம் என்பது ஒரு மென்பொருட் பொதியை முதன்முதலாகக் கையாளும் பயனருக்கு அதன் நோக்கம், நிறுவும் முறை, தொடக்கப் பயன்பாடு ஆகியவற்றை விளக்கும் எழுத்தாகும். எல்லாக் கட்டளைகளையும் நிரைப்படுத்தும் உசாத்துணைக் கையேடு இதனின்று வேறானது.

இலங்கையில் அறிமுக ஆவணத்தின் தேவைக்குத் தக்க எடுத்துக்காட்டு 'சஹானா' என்னும் மென்பொருளாகும். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட இந்தக் கட்டற்ற மென்பொருள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்த ஆழிப்பேரலையை அடுத்து, லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேசனின் ஆதரவுடன் தன்னார்வ நிரலாளர்களால் உருவாக்கப்பட்டது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றுக்கான பதிவேடுகள் இதில் தனித்தனிக் கூறுகளாக அமைந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்ட இது, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைப் பெற்றது.

இத்தகைய மென்பொருளுக்கு வாசகர் இருவகையினர்: வழங்கியில் பிஎச்பி மொழியையும் தரவுத்தளத்தையும் அமைக்கும் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்; நிரலாக்கம் அறியாது, முகாம் மேசையில் அமர்ந்து பெயர், வயது, இறுதியாகக் காணப்பட்ட இடம் என ஒவ்வொன்றாகப் பதிபவர் மற்றவர். இருவருக்கும் ஒரே அறிமுகம் போதாது. பின்னவருக்கானது நிறுவற் படிகளை விடுத்து, ஒரு பதிவைத் தொடங்கிச் சேமிக்கும் வரையான செயலைத் திரையின் வரிசையிலேயே விளக்க வேண்டும். அனர்த்தக் காலத்தில் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லையாதலால், மொழிபெயர்ப்பும் இவ்வாவணத்தின் இன்றியமையாப் பகுதியாகிறது.

நிரலாளருக்கான அறிமுகமோ வேறு வடிவம் கொள்ளும்: கொழும்பைப் பெருந்தளமாகக் கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் அறிவித்த 'பலரினா' நிரல்மொழியின் அறிமுகம், விளக்கவுரையைச் சுருக்கி, இயக்கிப் பார்க்கத்தக்க சிறு நிரல் எடுத்துக்காட்டுகளின் வழியே மொழியைக் கற்பிக்கும் முறையைப் பின்பற்றுகிறது.