டன் கணக்கும் இடக் கணக்கும்: இந்தியாவின் தங்கக் கையிருப்பு, 1900–2025

ரிசர்வ் வங்கியின் தங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடையையே பேசுகிறார்கள். எத்தனை டன் சேர்ந்தது, என்ன விலைக்கு வாங்கினார்கள், இன்று அதன் மதிப்பு என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. அந்தத் தங்கம் எந்த நாட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது, நெருக்கடி வந்தால் அதை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும்? இந்தியாவின் முக்கியமான தங்க முடிவுகளில் விலையைவிட இந்தக் கேள்விக்கே கனம் அதிகம் என்பது என் வாதம்.

கேள்வி ரிசர்வ் வங்கியைவிட மூத்தது. இந்திய நாணய முறையை ஆராய்ந்த ஃபவ்லர் குழுவின் பரிந்துரையை ஒட்டி, வெள்ளி ரூபாய் அச்சடிப்பில் கிடைத்த லாபத்தைக் கொண்டு 1900இல் ‘தங்கத் திட்டக் காப்பு நிதி’ உருவாக்கப்பட்டது. பெயரில் இருந்த தங்கம் நிதியில் தங்கவில்லை. பணம் லண்டனுக்குப் போய், பெரும்பகுதி ஸ்டெர்லிங் கடன் பத்திரங்களாக மாறியது. பொருளியலாளர் கெய்ன்ஸ் 1913இல் எழுதிய நூலில் இந்த ஏற்பாட்டை ஆதரித்தார். இந்திய வணிகர்களோ, நம் பணம் லண்டன் பணச் சந்தைக்குத் தீனியாகிறது என்று குமுறினார்கள். உலோகம் கைக்கெட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போர் காட்டியது. 1918இல் மக்கள் காகித நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்கியபோது, அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றி சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை விற்றதால்தான் அரசு தப்பியது.

1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 33ஆம் பிரிவை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். நோட்டு வெளியீட்டுக்கு ஈடான சொத்தில் 40 சதவீதம் தங்கமாகவோ ஸ்டெர்லிங் பத்திரமாகவோ இருக்க வேண்டும், தங்கத்தின் மதிப்பு மட்டும் 40 கோடி ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது அது. ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத இன்னொரு உட்பிரிவும் உண்டு: அந்தத் தங்கத்தில் இருபதில் பதினேழு பங்கு, அதாவது 85 சதவீதம், இந்தியாவிலேயே இருக்க வேண்டும்.

தொகை பற்றிய விதிகள் பின்னர் தளர்ந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அன்னியச் செலாவணி தேவைப்பட்டது. 1956இல் விகிதாசார முறை கைவிடப்பட்டு, 400 கோடி ரூபாய்க்கு வெளிநாட்டுப் பத்திரங்கள், 115 கோடி ரூபாய்க்குத் தங்கம் என்ற குறைந்தபட்ச அளவு வந்தது. இதற்காகப் புதிதாகத் தங்கம் எதையும் வாங்கவில்லை. தோலா 21 ரூபாய் சொச்சமாக இருந்த கணக்கு விலையை 62 ரூபாய் 50 காசாக உயர்த்தினார்கள். 40 கோடி ரூபாய்த் தங்கம் ஏறக்குறைய 118 கோடியாகிவிட்டது. அடுத்த ஆண்டே செலாவணி கரைந்ததால் தங்கமும் பத்திரமும் சேர்ந்து 200 கோடி போதும் என்று குறைத்தார்கள். 115 கோடி என்ற தங்க வரம்பு இன்றுவரை சட்டத்தில் இருக்கிறது. புழக்கத்தில் உள்ள நோட்டுகள் 35 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் அது வெறும் சம்பிரதாயம். 85 சதவீத விதி அப்படியல்ல. அதன் வலிமை 1991இல் தெரிந்தது.

அன்னியச் செலாவணி நெருக்கடி முற்றிய அந்த ஆண்டில் நடந்தவை இரண்டு தனி நடவடிக்கைகள். பொது நினைவில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. மே மாதம், சந்திரசேகர் அரசு காலத்தில், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன் தங்கத்தை ஸ்டேட் வங்கி மூலம் சுவிட்சர்லாந்து வங்கிக்கு, திரும்ப வாங்கும் உரிமையோடு விற்றார்கள். ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்துக்கு முறை வந்தது ஜூலையில். அப்போது பிரதமர் நரசிம்ம ராவ், நிதியமைச்சர் மன்மோகன் சிங், ஆளுநர் எஸ். வெங்கிடரமணன். 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கி, ஜப்பான் வங்கி ஆகியவற்றிடம் ஈடு வைத்து சுமார் 40 கோடி டாலர் பெற்றார்கள். மும்பையிலேயே வைத்துக்கொண்டு பத்திரம் எழுதித் தருகிறோம் என்பதைக் கடன் கொடுத்தவர்கள் ஏற்கவில்லை; தங்கம் விமானத்தில் லண்டன் போனது. செய்தி பத்திரிகையில் வெளியானபோது வீட்டு நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோன அவமானம் நாட்டுக்கே நேர்ந்ததாக மக்கள் கொதித்தார்கள். சட்டம் அனுமதித்த 15 சதவீத எல்லைக்குள்தான் அனுப்பிய எடை அடங்கியிருந்தது என்பதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கடன் அடைக்கப்பட்டது. தங்கம் மட்டும் இங்கிலாந்து வங்கிப் பெட்டகத்திலேயே தங்கிவிட்டது.

2009 அக்டோபரில் சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் வாங்கியதைப் பலர் 1991க்குப் பரிகாரமாக எழுதினார்கள். கொடுத்த விலை 670 கோடி டாலர், அவுன்ஸுக்கு ஏறக்குறைய 1,045 டாலர். 2011இல் விலை 1,900ஐத் தொட்டதும் புகழ்ந்தார்கள். 2015 இறுதியில் அது வாங்கிய விலைக்கே திரும்பியது; நடுவில் ஆறு ஆண்டு வட்டி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைய விலையைக் காட்டி அந்த முடிவை மெச்சுவது சரியல்ல. நோட்டுக்கு ஈடான தங்கத்தோடு சேராமல் ரிசர்வ் வங்கிக்குள்ளேயே தனிக் கணக்கு வைக்கும் ‘வங்கித் துறை’ என்ற பிரிவின் சொத்தாக ஏறியதால் 85 சதவீத விதி இந்தத் தங்கத்தைக் கட்டுப்படுத்தவில்லை.

2017–18இல் வங்கி சந்தையில் மீண்டும் வாங்கத் தொடங்கியது. உக்ரைன் போரை ஒட்டி 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. ரஷ்யா தன் மண்ணிலேயே வைத்திருந்த தங்கத்தை அந்நாடுகளால் தொட முடியவில்லை. 2024 மார்ச் இறுதியில் இந்தியாவிடம் 822.10 டன் இருந்தது; அதில் 413.79 டன் வெளிநாட்டில். பிரிட்டனிலிருந்து சுமார் 100 டன் கொண்டுவரப்பட்ட செய்தி அந்த மே மாதம் வெளியானது. உள்நாட்டில் போதிய சேமிப்பு வசதி இருக்கிறது, அதற்குமேல் பொருள் கொள்ள வேண்டாம் என்றார் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ். வசதி இருந்தது உண்மைதான். ஆனால் இடமாற்றம் ஏன் அந்தச் சமயத்தில் நடந்தது என்பதற்கு அது பதிலாகாது. ரஷ்ய அனுபவத்தை ஒதுக்கிவிட்டு இதை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2025 மார்ச் இறுதிக் கணக்குப்படி மொத்தம் 879.59 டன், இந்தியாவில் 511.99, இங்கிலாந்து வங்கியிலும் பன்னாட்டுத் தீர்வு வங்கியிலும் 348.62, மீதி தங்க வைப்புகளாக. செலாவணிக் கையிருப்பில் தங்கத்தின் பங்கு ஓராண்டில் 8.15 சதவீதத்திலிருந்து 11.70 சதவீதமானது. அரையாண்டு அறிக்கையில் இந்த இடவாரிப் பட்டியலை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. நம் பொருளாதார எழுத்தாளர்கள் டன் கணக்கோடு அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.