நுளம்புப் புகையும் பங்கிரி எண்ணெயும்: இலங்கையின் வீட்டுப் பூச்சித் தடுப்பு முறைகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையின் மலேரியா வரலாறு இதுகாறும் இரு தரப்பினராலேயே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு தரப்பினர் மருத்துவ நிருவாகிகள். மற்றையோர் குடித்தொகை ஆய்வாளர். முன்னவர் எழுத்துக்களில் ஆறுகளும் குளங்களும் மருந்தகங்களும் பேசப்படுகின்றன. பின்னவர் எழுத்துக்களில் இறப்பு வீதங்கள் பேசப்படுகின்றன. நுளம்பு கடித்த இடமாகிய வீடு இவ்விரு வகை எழுத்துக்களிலும் பெரும்பாலும் ஒரு சுவராகவே, அதாவது மருந்து தெளிக்கப்படவேண்டிய ஒரு பரப்பாகவே தோற்றமளிக்கின்றது. அச்சுவர்களுக்குள் வாழ்ந்த மக்கள் பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே செய்துகொண்டவை யாவை, அவை எதற்குப் பயன்பட்டன, எதற்குப் பயன்படவில்லை என்னும் வினாக்கள் ஆய்வாளரின் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை.

அண்மைக் காலத்தில் இம்முறைகள் பற்றிய ஆர்வம் மீண்டும் எழுந்துள்ளது. வேப்பெண்ணெயும் நொச்சிப் புகையும் நம் முன்னோரின் நோய்த்தடுப்பு விஞ்ஞானம் என்று கூறுவோர் பலர். இவற்றை வெறும் மூடப்பழக்கம் என ஒதுக்குவோரும் உளர். இவ்விரு கூற்றுக்களும் ஒரே தவற்றினை அடிப்படையாகக் கொண்டவை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. நுளம்புப் புகை மலேரியாவை நோக்கி எழுந்ததன்று. அது உறக்கத்தை நோக்கி எழுந்தது. பகல் முழுவதும் வயலிலும் தோட்டத்திலும் உழைத்த உடல் இரவில் சில மணி நேரமேனும் ஓய்வு பெறவேண்டும் என்ற தேவையே அதனைத் தோற்றுவித்தது. அதன் வெற்றியும் தோல்வியும் அத்தேவையினைக் கொண்டே முதலில் அளக்கப்படல் வேண்டும்.

யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு ஆகிய பகுதிகளில் வழங்கிவந்த முறைகளை நோக்கின், அவை யாவும் விலைகொடுத்து வாங்கவேண்டாத பொருள்களைக் கொண்டே அமைந்தமை புலனாகும். உடைந்த சட்டி ஒன்றில் தேங்காய்ப் பொச்சினையோ ஊமற்கரியினையோ தணலாக்கி, அதன்மீது அரைவாசி உலர்ந்த வேப்பிலையை இடுவர். பச்சை இலை தணலை அவித்துவிடும். நன்கு காய்ந்த சருகு சுவாலைவிட்டு எரிந்துபோகும். புகை நின்று எழுவதற்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதமே வேண்டும். இப்பதம் கைவரப் பெற்றவர்கள் வீட்டுப் பெண்களே. நொச்சியிலை, உள்ளித் தோல், வேப்பங்கொட்டைப் பிண்ணாக்கு முதலியனவும் கிடைத்தவாறு சேர்க்கப்பட்டன. விளக்கு வைக்கும் பொழுதில் தணற்சட்டியை அறைதோறும் கொண்டுசென்று, பின்னர் திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துவிடுவர். மாட்டுக்கொட்டிலில் இடப்பட்ட மூட்டம் இதனினும் பெரிது. கால்நடைகளுக்கு இடப்படும் புகையின் ஓரத்தில் மனிதரும் பாய் விரித்துப் படுத்தனர்.

உடலிற் பூசப்பட்டவற்றுள் முதன்மையானது வேப்பெண்ணெய் ஆகும். அதன் மணம் பொறுத்தற்கரியது. ஆதலால் தேங்காயெண்ணெயிற் சிறிதளவு கலந்தே கைகால்களிற் பூசினர். நெல்லும் பயறும் சேமித்த கொம்பறைகளிலும் பானைகளிலும் வேப்பிலையும் நொச்சியிலையும் இடப்பட்டமை இதே அறிவின் மற்றொரு பக்கமாகும். தமிழிலக்கிய மாணவர் இவ்விடத்து ஏட்டுச் சுவடிகளையும் நினைவுகூர்தல் வேண்டும். ஏடுகளுக்கு மஞ்சளும் கரியும் தடவுவதும், பெட்டியில் வசம்பும் வேப்பிலையும் இடுவதும், புல்லெண்ணெய் பூசுவதும் தமிழ்ப் பகுதிகளில் வழங்கிய காப்பு முறைகளாம். சிங்களப் பகுதிகளில் தும்மல எண்ணெய் பூசப்பட்டது. இம்முறைகள் தொடர்ந்து செய்யப்பட்டால் மாத்திரமே பயன்தரும். ஆண்டுதோறும் ஏட்டினை எடுத்துத் துடைத்துப் பூசும் கைகள் இல்லாதுபோன வீடுகளில் செல் வென்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளிற் சிதைந்த ஏடுகள் குறித்து வருந்தி எழுதியமை பலரும் அறிந்ததே. அவர் கண்ட அழிவில் பூச்சிக்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வேடுகளைப் பேணிய குடும்பங்களின் நிலைகுலைவுக்கும் அவ்வளவு பங்குண்டு.

நுளம்பு மலேரியாவைக் காவுகிறது என்னும் உண்மை 1897 ஆம் ஆண்டிலேதான் ரொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நடத்திய ஆய்வினால் வெளிப்பட்டது. அதற்கு முன்னர் ஐரோப்பிய மருத்துவரும் கெட்ட காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே அதுதான். எனவே, நம் பாட்டிமார் புகையிட்டது மலேரியாக் கிருமியை அறிந்தே என வாதிடுவது, அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும் வரலாற்றுக்கு முரணானதாகும். அவர்கள் அறிந்திருந்தது வேறொன்று: எந்த இலை எந்தப் பூச்சியை எவ்வளவு நேரம் விலக்கும் என்பது.

இவ்வறிவு வீட்டின் எல்லைக்குள் இருந்தவரை அதற்கு விலை இருக்கவில்லை. அது சந்தைக்கு வந்த கதையைத் தென்னிலங்கையிற் காணலாம். தமிழில் காமாட்சிப்புல் எனவும் சிங்களத்திற் பங்கிரி எனவும் வழங்கும் புல்லிலிருந்து வடிக்கப்படுவதே சித்திரனெல்லா எண்ணெய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உலகச் சந்தைக்கு இவ்வெண்ணெயை வழங்கியதில் இலங்கையே முன்னணியில் நின்றது. மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வேறு பயிருக்கு அதிகம் உதவாத சாய்நிலங்களில் இப்புல் பயிரிடப்பட்டது. வெட்டிய புல்லைக் கொதிகலத்திலிட்டு நீராவி செலுத்தி, எழும் ஆவியைக் குளிர்வித்து எண்ணெயைப் பிரித்தெடுத்தனர். அவ்வெண்ணெய் இலண்டனுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. அங்கு அதன் பெரும்பகுதி மலிவான சவர்க்காரத்துக்கு மணமூட்டவே பயன்பட்டது. ஒரு பகுதி நுளம்பு விலக்கியாகப் போத்தல்களிற் புகுந்தது.

ஏற்றுமதிப் பொருளானதும் எண்ணெயின் குணமும் மாறியது. மண்ணெண்ணெய் கலந்து விற்கும் வழக்கம் பரவியது. இக்கலப்பினைக் கண்டறிய லைப்சிக் நகரத்துச் சிம்மல் நிறுவனத்தின் பெயரால் ஒரு சோதனை முறையே வழக்கிற்கு வந்தது. அச்சோதனையிற் சற்றே தப்பும் அளவுக்குக் கலப்பதும் ஒரு கலையாயிற்று! இதனை உள்ளூரவரின் நேர்மையின்மை எனக் கொண்டோர் உண்டு. விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் உற்பத்தியாளர் கையில் இல்லாத ஒரு வணிகத்தில், விலை வீழும்போதெல்லாம் அவர் செய்யக்கூடியது அளவினைப் பெருக்குவது ஒன்றே என்பதனை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. இதனிடையே, இலங்கையின் மகா பங்கிரி என்னும் உயர்ந்த வகை யாவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குப் பெருமளவிற் பயிரிடப்பட்டது. யாவா எண்ணெய் தரத்தில் மேம்பட்டிருந்தமையால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கை பின்தள்ளப்பட்டது. இலங்கையில் எஞ்சியது லேனபட்டு என்னும் தாழ்ந்த வகையே.

இலங்கை இவ்வாறு நுளம்பு விலக்கியை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் வரலாற்றில் மிகக் கொடிய மலேரியாக் கொள்ளைநோய் நிகழ்ந்தது. 1934 இல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவை வற்றி, ஆற்றுப் படுகைகள் ஆங்காங்கு தெளிந்த நீர்க்குட்டைகளாயின. அனோபிலிசு கியூலிசிபேசிசு என்னும் நுளம்பு பெருகுவதற்கு வெயில் படும் இத்தகைய குட்டைகளே ஏற்றவை. ஈரவலயத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழ்ந்த மக்களுக்கு இந்நோய் பழக்கமானதன்று. ஆகவே எதிர்ப்புச் சக்தியும் இல்லை. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகுந்த பாதிப்புக்குள்ளாயின. 1935 இன் நடுப்பகுதிக்குள் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

வீட்டுப் புகையின் எல்லை இங்குத் தெளிவாகின்றது. நோய்வாய்ப்பட்டோர் ஒருவர் இருவராயின் அயலார் தணலிடுவர். வீட்டிலுள்ள அனைவரும் காய்ச்சலிற் கிடக்கும்போது இலை பொறுக்குவார் யார்? மேலும், பொருளாதார மந்தத்தினால் ஏற்கனவே பட்டினியால் மெலிந்திருந்த உடல்களே நோய்க்கு எளிதில் இரையாயின. சூரியமல் இயக்கத்தின் சார்பில் நிவாரணப் பணிக்குச் சென்ற எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் கிராமங்களிற் கண்டது மருந்துப் பற்றாக்குறையை மட்டுமன்று, உணவுப் பற்றாக்குறையையுமாகும். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாசக் கட்சி தோன்றியதற்கு இவ்வனுபவம் ஆற்றிய பங்கு நன்கறியப்பட்டது. கொயினாவும் கஞ்சியும் கிடையாத இடத்தில் வேப்பிலைப் புகையைக் குறைகூறுவதோ புகழ்வதோ பொருளற்றது.

1946 முதல் டீ.டீ.ரீ. நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்குக் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்கு டீ.டீ.ரீ.யே காரணம் எனப் பீற்றர் நியூமன் வாதிட்டார். மருத்துவ வசதிகளின் விரிவையும் உணவு நிலையின் சீரையும் புறக்கணிக்கலாகாது என எஸ். ஏ. மீகம மறுத்தார். மலேரியா குறைவாக இருந்த பகுதிகளிலும் இறப்பு வீதம் வீழ்ந்தமையை நோக்கும்போது மீகமவின் வாதம் வலுவுடையதாகவே தோன்றுகின்றது. ஆயினும் டீ.டீ.ரீ. நுளம்பை விலக்கியதுடன் நில்லாது கொன்றது. ஒருவீட்டின் காப்பு அயல்வீட்டுக்கும் காப்பாயிற்று. புகை நுளம்பை அடுத்த வீட்டுக்கே அனுப்பியது. இவ்வேறுபாடு சிறியதன்று.

1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நுளம்புகள் டீ.டீ.ரீ.க்கு எதிர்ப்புப் பெற்றமையால் 1977 இல் மலத்தியன் வந்தது. அதன் வாடையை வெறுத்து மக்கள் தெளிப்பாளரை மறுத்ததும் உண்டு. இறுதியில் 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இன்மையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இவ்வெற்றி கண்காணிப்பு, விரைந்த சிகிச்சை, மருந்திட்ட வலைகள், தெளிப்பு ஆகியவற்றின் கூட்டுப் பயனாகும்.

ஆய்வுகூடம் இப்பொருள்களை எவ்வாறு மதிப்பிட்டுள்ளது? தேங்காயெண்ணெயில் 2 சதவீத வேப்பெண்ணெய் கலந்து பூசுவது அனோபிலிசு நுளம்புகளை ஓர் இரவு முழுவதும் பெருமளவு விலக்கியதாக 1993 இல் இந்திய ஆய்வாளர் அறிவித்தனர். வேறிடங்களில் நிகழ்ந்த சோதனைகள் அத்துணை உயர்ந்த பயனைக் காட்டவில்லை. சித்திரனெல்லா கலந்த பூச்சுக்கள் 20 நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை என 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அவ்வெண்ணெய் விரைந்து ஆவியாகும் இயல்பினது. மணப்பதும் அதனாலேயே, மறைவதும் அதனாலேயே. எண்ணெயை ஒருமுறை பூசிவிட்டு இரவெல்லாம் காப்புண்டு என எண்ணுவோர் ஏமாறுவர். புகையைப் பொறுத்தவரை, அதனை இடும் பெண்ணும் அருகிற் கிடக்கும் குழந்தையுமே அதனை அதிகம் உள்ளிழுக்கின்றனர் என்பதனை நாம் மறைத்தல் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானில் உருவாகிய நுளம்புச் சுருளும் இக்குறையிலிருந்து விலக்குப் பெற்றதன்று.

வேம்பைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். வேப்பெண்ணெயைப் பயிர்களின் பூஞ்சண நோய்க்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு 1994 இல் ஐரோப்பாவில் ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர் நெடுங்காலமாகக் கையாண்ட முறை அது என நிறுவப்பட்டதன் பின் 2000 இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005 இல் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. விலையற்றதாகக் கருதப்பட்ட அறிவு, வேறொருவர் கையில் விலைபெறும்போதே நம் கண்ணுக்குப் புலப்படுகின்றது.

இன்று நம் நகரங்களை வருத்துவது டெங்கு ஆகும். 2017 இல் மட்டும் 1,86,000 பேர் அளவில் நோயாளராகப் பதிவாயினர். 400 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்நோயைக் காவும் ஈடிசு நுளம்பு வற்றிய ஆற்றில் அன்றி, வீட்டு வளவில் எறியப்பட்ட சிரட்டையிலும் ரயரிலும் தேங்கிய நீரிற் பெருகுகின்றது. காலையிலும் மாலை மங்குமுன்னருமே மிகுதியாகக் கடிக்கின்றது. விளக்கு வைக்கும் பொழுதில் எடுக்கப்படும் தணற்சட்டி, அது கடித்து முடித்த பின்னரே அறைக்குள் வருகின்றது.