டெல்ஃப்ட் நீலம்

நான் தட்டில் பூ வரைந்து வயிறு வளர்ப்பவன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து நீலத் தட்டுகளை ‘சீனப் பீங்கானின் காப்பி’ என்று யாராவது ஒதுக்கினால் சுருக்கென்று கோபம் வரும். காப்பிதான். ஆனால் அதை அடிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

1603-இல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் சாண்டா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலை மடக்கினார்கள். அதிலிருந்த சீனப் பீங்கான் மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போக, பணக்கார வீடுகளுக்கு நீலப் பைத்தியம் பிடித்தது. 1644-இல் சீனாவில் மிங் அரசு கவிழ்ந்தது. உள்நாட்டுப் போரில் சரக்கு வரத்து குறைந்தது. டெல்ஃப்டில் அப்போது பீர் வடிசாலைகள் நொடித்துக்கொண்டிருந்தன. காலியான கட்டடங்களில் குயவர்கள் சூளை போட்டார்கள்.

அவர்களிடம் பீங்கானுக்கு வேண்டிய கயோலின் மண் இல்லை. 1,300 டிகிரிச் சூளையும் இல்லை. இருந்தது மஞ்சள் மண். ஒருமுறை சுட்ட தட்டை வெள்ளீயம் கலந்த கிளேஸ் என்ற பூச்சுக் குழம்பில் முக்கினார்கள். மண் நீரை உறிஞ்சிவிட, மேலே வெள்ளை மாவுப் பூச்சு நிற்கும். விரல் பட்டாலே உதிரும். வரைய வேண்டியது அதன் மேல்தான்! தூரிகை தொட்டதும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தயங்கினால் திட்டு விழும், அழிக்க வழியில்லை. வரையும் கோபால்ட் சாயம் அப்போது கருப்பாகத்தான் தெரியும். நீலம் வருவது சூளைக்குள்ளே. அதனால் காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி அச்சு இறக்கிக்கொண்டார்கள். நம்மூர் ஆரி வேலைக்காரர்கள் ரவிக்கையில் டிசைன் இறக்குவது போலவேதான். வரைந்து முடித்ததும் மேலே நிறமற்ற காரீயக் கிளேஸைத் தெளிப்பார்கள். பளபளப்பும் நீலத்தின் ஆழமும் அதன் உபயம். பிறகு சுமார் 1,000 டிகிரியில் மறு சூடு.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மலிவான கிரீம் நிறப் பாத்திரங்கள் வந்து பட்டறைகளைக் கவிழ்த்தன. 1653-இல் தொடங்கிய டி போர்செலைன் ஃப்ளெஸ் மட்டும் தப்பியது. 1876-இல் அதை வாங்கிய யோஸ்ட் தூஃப்ட் கைவரைதலுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

பழைய தட்டு கைக்குக் கிடைத்தால் பூவை மட்டும் பார்க்காதீர்கள். விளிம்பு பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். உள்ளேயும் வெள்ளை என்றால் பீங்கான். மஞ்சள் மண் தெரிந்தால் அது டெல்ஃப்ட் வழி வேலை.