பூசணி விதையின் தாயும் தந்தையும்: கல்முனைக் கரையோரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பூசணிக்காயொன்றின் தோலும் சதையும் முற்றிலும் தாய்க்கொடிக்கே உரியவை என்பதும், நார்களுக்கிடையே அடுக்கடுக்காய் அமைந்த விதைகளினுள் உறங்கும் முளை மட்டுமே தாயின் இயல்போடு தந்தையின் இயல்பையும் சரிபாதியாகத் தாங்கி நிற்பது என்பதும் இன்று பாடசாலை மாணவரும் அறிந்த தாவர சாஸ்திர உண்மைகளாயினும், இப்பயிரைக் கைக்கொண்ட பல்லாயிரம் ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதியை மனிதன் காயை மட்டும் நோக்கி விதையைத் தெரிவதிலேயே கழித்தான். பெரிய காயின் விதை பெரிய காயைத் தரும் என்ற அந்த நம்பிக்கை பொய்யன்று. ஆயினும் அது பாதி மெய். விதையின் தந்தை யார் என்ற மறுபாதிக் கணக்கை எழுதி வைக்கத் தொடங்கியதன் பின்னரே இராட்சதப் பூசணி இன்றைய பருமனை அடைந்தது என்பதையும், அம்பாறைக் கரையோரத்துச் சோனகர் ஊர்களின் விதைத்தேர்வுச் சம்பிரதாயம் அக்கணக்கு இன்றியே தன் நோக்கத்தை எவ்வளவு தூரம் நிறைவேற்றியது என்பதையும் ஒருங்கே ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதற்கண் இனவேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். கல்முனைச் சந்தையிலே கீற்றுக் கீற்றாக அறுத்து நிறுத்து விற்கப்படும் பூசணியும், மேனாட்டுப் போட்டிகளில் தராசை முறிக்குமளவு பெருக்கும் பூசணியும் ஒரே குடும்பத்தினவெனினும் ஒரே இனத்தினவல்ல. முன்னது குக்குர்பிற்றா மொஸ்காற்றா. பின்னது குக்குர்பிற்றா மாக்சிமா. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி துஷேன் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டினார். 1850களில் பாரிஸ் நகரத்து நோதேன் என்பார் ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றன் பூவில் இட்டுப் பரிசோதித்து, இவை எளிதிற் கலப்பனவல்ல என்பதை உறுதிப்படுத்தினார். நூலறிவின்றியே இவற்றைப் பிரித்தறிய விரும்புவோர் காம்பைப் பார்த்தாற் போதும்: நம் பூசணியின் காம்பு ஐந்து விளிம்புகளோடு கல்லென இறுகி, காயைத் தொடும் இடத்தில் பாதம்போல் விரிந்திருக்கும்; மாக்சிமாவின் காம்போ உருண்டு தடித்துத் தக்கைபோல் மென்மையாயிருக்கும். நம் விதையின் ஓரம் நிறம் கறுத்துச் சற்றே சொரசொரப்பாய் ஒரு கரை கட்டியதாய் இருக்க, இராட்சத வகையின் விதை ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமும் பருத்த நடுவும் கொண்டதாய், வெண்மையாகவோ மங்கிய பழுப்பாகவோ தோன்றும்.

இவ்விரு இனங்களும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. மாக்சிமாவின் காட்டு மூதாதை இன்றும் ஆர்ஜென்ரீனாவிலும் உருகுவேயிலும் தோடம்பழ அளவிற் கசப்புக் காய் காய்த்துக் கிடக்கிறது. எனவே கொலம்பஸின் கடற்பயணத்துக்கு முன்னர் அரபு நாட்டிலோ இலங்கையிலோ இக்காய்கள் இருந்திருக்க இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பி உண்டதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ‘துப்பா’ பழைய உலகத்துச் சுரைக்காயே ஆதல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்; அந்த அன்பு நம் சமூகத்தின் சமையற்கட்டில் பூசணிக்கும் நீண்டமை இயல்பே. 1626 அளவில் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட சோனகர் பலரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடும் காலமும், புதிய உலகத்துப் பயிர்கள் இந்துமாக்கடற் கரைகளெங்கும் பரவிய காலமும் ஒன்றையொன்று அணைந்தே நிற்கின்றன. மிளகாய், சோளம் ஆகியவற்றோடு பூசணியும் சேனைப்பயிராக இங்கு வேரூன்றியது.

இவ்வூர்களின் விதைத்தேர்வை விளங்கிக்கொள்வதற்கு இவற்றின் குடும்ப அமைப்பை நினைவிற்கொள்ளுதல் நலம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலே குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியிலேயே எண்ணப்படுகிறது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கே சேர, மணமகன் பெண் வீட்டுக்கே வந்து வாழ்கிறான். வட்டையும் சேனையும் ஆண்களின் கைவசம் இருப்பினும், வளவு என்பது மூத்தம்மாவிடமிருந்து உம்மாவுக்கும் உம்மாவிடமிருந்து மகளுக்கும் கைமாறும் ஒரு தாய்வழிச் சொத்து. அவ்வளவில் மாரி மழைக்கு முன் நடப்பட்டு வேலியிலும் கூரையிலும் படரும் பூசணிக்கொடியின் விதையும் அதே வழியிற் கைமாறிற்று. மனிதருக்குத் தாய்வழியை மட்டும் எண்ணியதுபோலவே விதைக்கும் தாய்வழியை மட்டுமே எண்ணினார்கள் என்று கூறின் அது வெறும் அணிநயமன்று. விதைக்கென ஒதுக்கும் காயைத் தெரிகையில் எந்தக் கொடியின் காய் என்று மட்டுமே கேட்கப்பட்டதும், அக்கொடியின் பூவுக்கு எந்த வளவின் மகரந்தம் வந்தது என்று கேட்கப்படாதிருந்ததுமே அதன் பொருள்.

அத்தேர்வின் நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடுவது பெருந்தவறு. விதைக்காய் பறித்தவுடன் வெட்டப்படுவதில்லை. தோலில் நகம் இறங்காத அளவு முற்றி, காம்பு காய்ந்த காயையே தெரிந்து, அடுப்படியின் ஒரு மூலையில் வாரக்கணக்காக இருத்தி வைப்பர். அழுகாமல் இருந்தது என்பதே அதன் முதற் பரீட்சை. பின்னர் அறுத்து, நாரோடு விதையை வாரி நீரிற் பிசைந்து, மிதப்பதைத் தள்ளி அமிழ்வதை எடுத்துச் சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்துவர். விரல் நுனிகளுக்கிடையே அழுத்தும்போது வளையாமல் நிற்கும் விதையே நடுகைக்கு ஏற்றது. வளைவது அரையளவே நிரம்பியது. இம்முறை தெரிந்தெடுத்தவை பருமனை அல்ல; நெடுநாள் கெடாமையையும், கறிக்குச் சிதையாத இறுக்கத்தையும், கடற்கரை மணலிலும் படரும் திடத்தையுமே. உண்பதற்கு வளர்ப்போர் இவற்றை முன்வைத்தமை சரியே என்பது என் அபிப்பிராயம். ஆயினும், தேனீ ஒரு வளவின் பூவிலிருந்து அடுத்த வளவின் பூவுக்குத் தடையின்றிச் செல்லும் நெருக்கமான ஊரிலே, ஒரே காயினுள்ளும் பல தந்தையரின் விதைகள் கலந்திருக்கக்கூடுமாதலின், ஒரு குணத்தைத் தலைமுறை தலைமுறையாக உயர்த்திச் செல்ல இம்முறை இடந்தரவில்லை.

மேனாட்டிலும் நெடுங்காலம் இதுவே நிலை. தாவரங்களுக்கு ஆண் பெண் பேதம் உண்டென்று ஜெர்மானியர் காமராரியுஸ் 1694இலேயே நிறுவியிருந்தும், தோட்டக்காரர் அவ்வறிவைப் பூசணிக்குப் பிரயோகிக்க இருநூறாண்டுகளுக்கு மேல் சென்றன. 1857இல் அமெரிக்க எழுத்தாளர் தோரோ, அரசின் காப்புரிமை அலுவலகம் விநியோகித்த விதைகளை நட்டு 56 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காயைப் பெற்று வியந்தார்; அவ்விதைகள் பிரெஞ்சு மஞ்சள் இராட்சத வகையினவென்பது தவிர அவற்றின் பரம்பரை பற்றி வேறெதுவும் எழுதப்படவில்லை. கனடாவின் கொடெரிச் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னொக் 1893இல் சிக்காகோ கண்காட்சிக்கு 165 கிலோகிராம் காயையும், 1900இல் பாரிஸுக்கு 181 கிலோகிராம் காயையும், 1904இல் செயின்ற் லூயிஸுக்கு 183 கிலோகிராம் காயையும் அனுப்பினார். அந்தக் கடைசி எல்லை 1976 வரையில், ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு, எவராலும் கடக்கப்படவில்லை. உரமும் நீர்ப்பாசனமும் இயந்திரமும் பன்மடங்கு பெருகிய அக்காலத்தில் பூசணி மட்டும் ஏன் பெருக்கவில்லை என்னும் வினாவுக்கு என் விடை: விதைத்தேர்வு காயோடு நின்றது என்பதே.

அதனை மாற்றியவர் நோவாஸ்கோசியா மாகாணத்து வின்சர் ஊரில் பால்பண்ணை நடத்திய ஹவார்ட் டில் (1934–2008). பல்கலைக்கழகப் பயிற்சி இல்லாத அவர், வார்னொக்கின் கொடெரிச் வகையையும் ஏனைய பெருவகைகளையும் ஆண்டுக்கணக்காகக் கையாற் கலந்து, எந்தக் காயின் தாய் எது, தந்தை எது என்று குறித்து வைத்து, நிறத்தையும் வடிவத்தையும் பருமனையும் ஒருங்கே நிலைநிறுத்த முனைந்தார். பூசணிக் குடும்பத்துக்கு இயற்கை அளித்த ஒரு சலுகை அவருக்குத் துணைநின்றது: சோளம் போன்ற பயிர்கள் தம் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சூல்கொள்ளின் விரைவில் நலிவுறும், பூசணி அவ்வளவு நலிவதில்லை. ‘அட்லாண்டிக் ஜயன்ற்’ என்று அவர் பெயரிட்ட வகை 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் போட்டிகளில் முதன்மை பெற்றது. 1981இல் 224 கிலோகிராம் காய் உலகின் மிகப்பெரியதாயிற்று. இன்று உலகத்திற் போட்டிக்கு வரும் ஏறக்குறைய எல்லா இராட்சதக் காய்களும் அவ்வகையின் வழித்தோன்றல்களே.

டில்லுக்குப் பின் வந்தோர் ஏற்படுத்திய பெயரிடும் மரபு என் கருத்தில் இவ்வரலாற்றின் நடுநாயகம். விதைக்கு வகைப்பெயர் இடாமல், அது எடுக்கப்பட்ட காயின் நிறையையும் வளர்த்தவரின் குடும்பப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தெழுதுவர். 2012இல் றோட் ஐலண்டைச் சேர்ந்த ரொன் வாலஸ் வளர்த்து முதன்முதல் 2000 இறாத்தலைக் கடந்த காயின் விதை ‘2009 வாலஸ் 2012’ எனப்படும். அதனருகே தாயின் பெயரும் தந்தையின் பெயரும் அதே முறையில் எழுதப்படும். இவ்வாறு ஒவ்வொரு விதையும் ஒரு வம்சாவளிப் பத்திரத்தைச் சுமந்து வருவதால், எந்தத் தாயின் பிள்ளைகள் தொடர்ந்து நிறை கூடின, எந்தத் தந்தையின் பிள்ளைகள் வெடித்தும் அழுகியும் வீணாயின என்பதை நாடு கடந்து ஒப்பிட முடிகிறது. ஒற்றைக் காய் பெருத்ததென்றால் அது மண்ணின் கொடையாயிருக்கலாம்; பல தோட்டங்களில் அதன் சகோதர விதைகளும் பெருத்தனவாயின் அது விதையின் கொடை. தேர்வோர் நாடுவது இந்தச் சாட்சியையே. ஒற்றை விதை ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோனதும் இதனாலேயே. இதன் பயன் நிறையிற் புலப்படும்: 1996இல் 481 கிலோகிராம், 2012இல் 911, 2016இல் பெல்ஜியத்தில் 1190, 2023இல் அமெரிக்காவில் 1247, 2025இல் இங்கிலாந்தில் 1278. இத்தேர்வு கொடியினுள் எதனை மாற்றியது என்பதை 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று: இலையிலிருந்து காய்க்கு வெல்லத்தைக் கடத்தும் உரிய இழையத்தின் பரப்பே இராட்சத வகைகளில் மிகுந்திருந்தது. தாம் காணாத ஒன்றையே, தராசை மட்டும் நம்பி, உழவர் தெரிந்தெடுத்திருந்தனர்.

அவ்விதையை அப்படியே தருவித்துக் கல்முனையில் நட்டால் என்னாகும்? நல்ல பயன் கிட்டாதென்றே துணிகிறேன். வட அகலாங்கு 45 பாகையளவிலுள்ள தோட்டங்களில் ஆனி மாதப் பகல் 15 மணிக்கு மேல் நீளும். இரவு குளிர்ந்து, பகலில் தேடிய வெல்லம் சுவாசத்தில் வீணாகாமற் காயைச் சேரும். அதனாலேயே நாளொன்றுக்கு 20 கிலோகிராம் வரை காய் பெருக்க இயலுகிறது. ஏழரைப் பாகைக்கும் உட்பட்ட நம் கரையிலோ மிக நீண்ட பகலும் ஏறத்தாழ 12½ மணியே; இரவின் வெக்கையோ சொல்ல வேண்டியதில்லை. தூள் பூஞ்சணமும் பழ ஈயும் இதற்கு மேல். ஆதலின் இங்கு வம்சாவளி தொடங்க வேண்டியது மொஸ்காற்றாவிலேதான்.

அதற்கான தாய்விதைகள் அருகி வருகின்றன. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றி மேற்கே காடு வயலானபோது சேனை சுருங்கிற்று. 2004 திசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது கரையோர வளவுகளும் கிணறுகளும் உவர்ப்பேறின, வீடுகளோடு வீட்டிலிருந்த விதைகளும் போயின. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ‘ஏ.என்.கே. ருகுணு’ போன்ற வகைகளின் விதையைத் தனிமைப்படுத்தி வளர்த்தால் மீண்டும் எடுத்து நடலாம். கடைகளிற் கிடைக்கும் கலப்பின விதையோ ஒருமுறைக்கு மேல் தன் குணத்தைக் காப்பதில்லை. கன்னொருவையிலுள்ள தாவர மரபணு வள நிலையம் நாட்டு விதைகளைச் சேமித்து வருகிறது. ஆயினும் சேமிப்பு வேறு, தேர்வு வேறு.

தேர்வுக்கு வேண்டியவை இரண்டு நல்ல கொடிகளும் ஒரு பருத்தித் துணித்துண்டும் நூலும் குறிப்பேடுமே. மறுநாள் விரியவிருக்கும் பெண்பூவை, அதன் அடியில் உருண்டிருக்கும் பிஞ்சால் அடையாளங்கண்டு, மாலையிலேயே துணியாற் கட்டிவிட வேண்டும். தந்தையாகத் தெரிந்த கொடியின் ஆண்பூவையும் அவ்வாறே நூலாற் கட்ட வேண்டும். சுபஹு தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன் ஆண்பூவின் இதழ்களைக் களைந்து, மகரந்தத் தண்டைப் பெண்பூவின் குறி முழுவதும் படுமாறு தடவி, மீண்டும் கட்டி, காம்பில் அடையாளமிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பூ சுருங்கிவிடும். குறிப்பேட்டில் தாய் எந்த வளவினது, தந்தை எந்த வளவினது, காயின் நிறை, எத்தனை நாள் கெடாதிருந்தது என்பனவற்றை எழுதுதல் வேண்டும். காயைப் பறித்தபின் சில வாரம் வெட்டாது இருத்தினால் சதையிலுள்ள உணவை விதை மேலும் உறிஞ்சி நிரம்புகிறது என்று விதை சாஸ்திரம் கூறுவதால், இப்படியொரு காயின் விதையை எடுக்கும் நாளைக் குறிக்க மூத்தம்மாமாரின் பழைய கணக்கே போதும்.